எறிகிறான் என்றார்கள்

ஜபருல்லாவின் வலது கை முழுதாக நீளாது. அவனுடைய வாப்பா பாலிக் புலாவில் மளிகைக் கடை வைத்திருந்த காலத்தில், சின்னப் பையனாகப் பக்கத்துத் தோட்டத்து ஜாதிக்காய் மரத்தில் ஏறி விழுந்து முழங்கையை முறித்துக்கொண்டான். எலும்பு சேர்ந்தது, ஆனால் கோணலாகச் சேர்ந்தது. அதற்குப் பிறகு யார் எவ்வளவு இழுத்தாலும் அந்த முழங்கையில் ஒரு வளைவு நின்றுவிட்டது. அந்த வளைந்த கையால்தான் அவன் பினாங்குத் தீவில் யாரும் பார்த்திராத வேகத்தில் பந்து வீசினான்.

வாலிபத்தில் ஜார்ஜ் டவுனுக்கு வந்து வெல்ட் கீ துறையில், தொங்கான் என்ற சரக்குப் படகில் வேலைக்குச் சேர்ந்தான். கப்பலிலிருந்து அரிசி மூட்டைகளைத் தொங்கானில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவரும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சூலியா தெருக்காரர்களின் கிளப்புக்காக ஆடினான். ஒரு ஞாயிறு அவர்கள் வெள்ளைக்காரர் கிளப்போடு ஆடியபோது, எதிரணித் தலைவரின் நடு ஸ்டம்பை ஜபருல்லாவின் பந்து பெயர்த்துவிட்டது. அந்தத் தலைவர் ஹார்க்ரோவ் துரை. பெரிய ரப்பர் வியாபாரக் கம்பெனி ஒன்றின் மேனேஜர். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆட்டம் முடிந்ததும் அவனைக் கூப்பிட்டு, கையைப் பிடித்துப் பார்த்து, முழங்கையைத் தடவி, எப்படி முறிந்தது என்று மலாயில் விசாரித்தார். அடுத்த வாரமே தன் கம்பெனிக் கிடங்கில் வேலை போட்டுக் கொடுத்தார். சாயந்தரம் ஆனால் பாடாங் திடலுக்குப் போய், கிளப் துரைமார்களுக்குப் பயிற்சிப் பந்து வீச வேண்டும். அதற்குத் தனிச் சம்பளம்.

இப்படித்தான் அவனுக்குக் கிரிக்கெட் தொழிலாயிற்று. பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா மூன்றும் சேர்ந்த ஸ்ட்ரெய்ட்ஸ் அணிக்கு ஹார்க்ரோவ்தான் தலைவர். அதிலும் அவனைச் சேர்த்தார். ஹாங்காங்குக்குப் போனான், ரங்கூனுக்குப் போனான். கப்பலில் மற்றவர்கள் மேல் வகுப்பிலும் அவன் கீழ்த் தளத்திலும் போனார்கள். ஹாங்காங்கில் அணி தங்கிய ஹோட்டலில் அவனுக்கு இடமில்லை என்று மாலுமிகள் தங்கும் விடுதிக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை அங்கிருந்து நடந்தே திடலுக்கு வந்து, பாதி அணியைத் தனியாளாகச் சாய்த்தான். அதெல்லாம் அவனுக்கு வலித்தது. ஆனால் பந்து கையில் இருக்கும்வரை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷத்தில் எந்த ஊர் அம்பயரும் அவன் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வினை உள்ளூரில்தான் ஆரம்பித்தது. சூலியா தெரு கிளப்பும் துரைமார் கிளப்பும் ஆடிய வருஷாந்திர ஆட்டத்தில், ஜபருல்லா வீசிய பந்து ஒன்று தரையில் பட்டு எகிறி விட்டேக்கர் என்ற துரையின் விரலை உடைத்தது. விட்டேக்கர் நகராண்மைக் கழகத்தில் செல்வாக்குள்ளவர். ஸ்ட்ரெய்ட்ஸ் அணியில் முதல் ஆளாக மட்டை பிடிப்பவர். அன்று துரைமார் அணி மொத்தமும் தேநீர் வேளைக்கு முன்பே சுருண்டது. தெருக்காரர்கள் ஜபருல்லாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். துரைமார்கள் கிளப் வராந்தாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மாதம் ஸ்ட்ரெய்ட்ஸ் அணியோடு ஆட சிலோன் அணி பினாங்குக்கு வந்தது. விரல் உடைந்த விட்டேக்கரால் ஆட முடியாது. அதனால் அம்பயராக நின்றார்.

பாடாங்கில் அன்று நல்ல கூட்டம். கடலோரச் சுவரிலும் அங்சானா மரங்களுக்குக் கீழேயும் தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் நெருக்கியடித்து நின்றார்கள். ஜபருல்லா ஓடி வந்து முதல் பந்தை வீசினான். பக்கவாட்டில் நின்ற விட்டேக்கர், கட்டுப் போட்ட கையை உயர்த்தி "நோ-பால்" என்றார்.

ஜபருல்லா தன் காலைப் பார்த்தான். கோட்டைத் தாண்டவில்லை. மறுபடி வீசினான். மறுபடி நோ-பால். இப்போதுதான் அவனுக்கு விளங்கியது. கால் தப்பென்றால் பந்து வீசும் முனையில் நிற்கும் அம்பயர் சொல்வார். பக்கவாட்டில் நிற்பவர் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம். கையை மடக்கி, விடும்போது நீட்டி, கல்லெறிவதுபோல் எறிகிறான் என்று அர்த்தம். ஏமாற்றுக்காரன் என்று அர்த்தம்.

மூன்றாவதும் நோ-பால் ஆனபோது அவன் ஹார்க்ரோவைத் திரும்பிப் பார்த்தான். இந்தக் கையைத் தடவிப் பார்த்தவர் அவர். இது நீளாது, நீளாத கையால் எறிய முடியாது என்று அவருக்குத் தெரியும். ஹார்க்ரோவ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கடல் பக்கம் பார்த்தார்.

கூட்டத்தில் சத்தம் கிளம்பியது. ஜபருல்லாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. ஓட்டமில்லாமல் நின்ற இடத்திலிருந்தே பந்தைத் தரையோடு உருட்டி விட்டான். எதிரே கொழும்பிலிருந்து வந்த இடதுகை ஆட்டக்காரர் ஒருவர் நின்றார். அடித்தால் எல்லைக்கோடு வரை போகும் பந்து. அவர் அதை மட்டையால் மெல்லத் தடுத்து நிறுத்திவிட்டு, குனிந்து எடுத்து, தானே அவனிடம் கொண்டுவந்து கொடுத்தார். மீதிப் பந்துகளையும் அவன் அப்படியே உருட்டினான். அந்த மனிதர் ஒன்றைக்கூட அடிக்கவில்லை. ஓவர் முடிந்ததும் ஹார்க்ரோவ் பந்தை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார். ஜபருல்லா மிச்ச நாள் முழுதும் எல்லைக்கோட்டருகே நின்றான்.

ஆட்டம் முடிந்து ஹார்க்ரோவ் அவனைத் தனியாக அழைத்தார். தோளில் கை போட்டுக்கொண்டு பேசினார். கோபப்படக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நோ-பால் கொடுக்கப்போவதாக ஆட்டத்துக்கு முந்தின நாளே விட்டேக்கர் தன்னிடம் சொன்னதாகவும், உனக்குச் சரியென்று பட்டதைச் செய் என்று தான் பதில் சொன்னதாகவும் ஒளிக்காமல் சொன்னார். கிளப்பில் ரொம்ப நாளாகவே பேச்சு இருக்கிறது; நாளை வெளியூரில் யாராவது இப்படிச் சொன்னால் அணிக்கே அவமானம்; உள்ளூரோடு முடிந்தது நல்லதுதான்; கிடங்கு வேலை அவனுக்கு எப்போதும் இருக்கும். இதையெல்லாம் ஒரு தகப்பனைப்போல் அன்பாகச் சொன்னார். அந்த அன்பைத்தான் ஜபருல்லாவால் தாங்க முடியவில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

அவனைச் சுற்றி ஊர் இரண்டாகப் பேசியது. ஒரு பாதி துரைமார்களைத் திட்டியது. இன்னொரு பாதி, அம்பயர் சும்மா சொல்வாரா என்றது. கப்பித்தான் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வரும்போது, காப்பிக் கடையிலிருந்து எவனோ "கல்லெறி ஜபரு" என்றான். ஜபருல்லா கடைக்குள் புகுந்து, சொன்னவன் யாரென்று கேட்டு, யாரும் வாய் திறக்காததால் ஒரு மேசையைக் கவிழ்த்துவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்து, சோற்றில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினான்.

அவன் மனைவி சபூரா எதையும் பேசப் பயப்படாதவள். தட்டைத் திரும்ப அவன் முன்னால் நகர்த்தினாள்.

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. அந்தத் துரை தோளுல கை போட்டப்ப பூனை மாதிரி நின்னுட்டு, என்கிட்ட வந்து புலி வேஷம் போடாதீங்க."

"என்ன செய்யச் சொல்ற என்னை?"

"நீங்க எறியலதானே?"

"எறியல."

"அப்ப கையைக் கட்டிப்போட்டு வீசிக் காட்டுங்களேன். அத்தனை பேரும் பார்க்கட்டும்."

அவள் ஆத்திரத்தில் சொன்னதுதான். ஆனால் அவன் சாப்பாட்டை மறந்து அவளைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் சூலியா தெரு கிளப்பின் செயலாளர் ஷேக் அலாவுதீன் வீட்டுக்கு வந்தார். ஜவுளிக் கடைக்காரர், வெள்ளை உடுப்பும் அத்தர் வாசமுமாக இருப்பவர். வெற்றிலையை வாங்கிக்கொண்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். டத்தோ கிராமாட் திடலை கிளப்புக்கு நிரந்தரமாகக் கேட்டு நகராண்மைக் கழகத்தில் மனுப் போட்டிருக்கிறது. முடிவு விட்டேக்கர் கையில். ஜபருல்லா துரைமார் கிளப் வராந்தாவுக்கு வந்து, தெரியாமல் எறிந்துவிட்டேன், இனிமேல் வீசமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் சுமுகமாகிவிடும்.

"ஒரு வார்த்தைதான்லா தம்பி. சொன்னா வாய் வெந்துடப் போவுதா?"

"நான் எறியலண்ணே."

"அது எனக்குத் தெரியாதா? நீ எறியலன்னு நம்ம ஆளு எல்லாருக்கும் தெரியும். நமக்குள்ள தெரிஞ்சா போதும்ல."

ஜபருல்லா எழுந்துவிட்டான். துரை பொய் சொன்னான் என்றால் அது விரோதம், புரிகிறது. உண்மை தெரிந்தே ஒருவர் வீடு தேடி வந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, உன்னைத் திருடன் என்று நீயே சொல் என்கிறாரே, இதை என்னவென்று சொல்வது. அவன் வாசல் கதவை அகலத் திறந்து பிடித்தான். அலாவுதீன் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அய்யாக்கண்ணு அவர்கள் கிளப்பின் விக்கெட் கீப்பர். ஜபருல்லாவின் பந்துகளை இத்தனை காலமாகப் பிடித்துப் பிடித்து அவன் விரல்கள் இஞ்சிக் கிழங்குபோல் ஆகியிருந்தன. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் வேலை பார்த்தான். கையை அசையாமல் கட்டிவிடும்படி ஜபருல்லா கேட்டதும் முதலில் தலையில் அடித்துக்கொண்டான், தோள் கழன்று போகும் என்றான். பிறகு மரச் சிம்புகளும் துணிச் சுருளும் எடுத்துக்கொண்டு வந்தான்.

சனிக்கிழமை சாயந்தரம் துரைமார்கள் பயிற்சிக்குப் பாடாங்குக்கு வந்திருந்தார்கள். ஜபருல்லா சூலியா தெருவிலிருந்து நடந்து வந்தான். மேல் கையிலிருந்து மணிக்கட்டு வரை முன்னும் பின்னும் மரச் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டியிருந்தது. முழங்கை இருந்த வளைவிலேயே நின்றது. ஒரு நூல் அசையாது. பின்னால் தொங்கான்காரர்கள், கடைப் பையன்கள், ரிக்‌ஷா இழுக்கும் சீனர்கள் என்று ஒரு ஊர்வலமே சேர்ந்துவிட்டது. அவன் நேராகப் புல்வெளிக்குள் இறங்கி ஹார்க்ரோவின் முன்னால் போய் நின்று, கட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். விட்டேக்கர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரிடமும் கையை நீட்டினான். அவர் பத்திரிகையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

ஹார்க்ரோவ் தொட்டுப் பார்த்தார். கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே தானே மட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டம்புகளுக்கு முன்னால் போய் நின்றார். அய்யாக்கண்ணு ஸ்டம்புகளுக்குப் பின்னால் போய்க் குந்தினான்.

முதல் பந்து கையிலிருந்து தவறி எங்கோ போனது. சிம்பின் விளிம்பு சதைக்குள் இறங்கியது. யாரோ துரை ஒருவர் சிரித்தார். இரண்டாவது பந்து ஹார்க்ரோவின் மட்டையைத் தாண்டி அய்யாக்கண்ணுவின் கைக்குள் அறைந்தது. சிரிப்பு நின்றது. மூன்றாவது பந்துக்கு ஜபருல்லா இன்னும் பின்னாலிருந்து ஓடி வந்தான். ஹாங்காங்கில் நடந்து வந்த தெருக்கள், கீழ்த் தளத்தின் கரிப் புகை, கல்லெறி என்ற குரல், அலாவுதீனின் வெற்றிலை வாய், எல்லாம் அந்தக் கையில் சேர்ந்துகொண்டன. நடு ஸ்டம்பு மண்ணோடு பெயர்ந்து பல்டி அடித்தது.

கூட்டம் ஆர்ப்பரித்தது. அது அவன் காதில் விழவில்லை. மறுபடி ஸ்டம்பை நடச் சொன்னான். மறுபடி வீழ்த்தினான். துணிக்கட்டில் ரத்தம் ஊறிப் பரவியது. ஹார்க்ரோவ் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவனருகே வந்தார். அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, நீ எறியவில்லை என்று எனக்குத் தெரியும், போதும், வீட்டுக்குப் போ என்றார்.

"சத்தமா சொல்லுங்க துரை. எல்லாருக்கும் கேக்கட்டும்."

ஹார்க்ரோவின் முகம் அப்போதுதான் மாறியது. அன்பெல்லாம் போய்விட்டது. சம்பளக்காரன் ஒருவன் கூட்டம் சேர்த்துக்கொண்டு கிளப்பின் புல்லில் ஏறி நிற்பதைத்தான் இப்போது அவர் பார்த்தார். திரும்பி வராந்தாவை நோக்கி நடந்தார்.

திங்கட்கிழமை கிடங்கில் அவனுக்கு வேலை இல்லை. எந்தப் பத்திரிகையும் சனிக்கிழமை நடந்ததைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. டத்தோ கிராமாட் திடலும் சூலியா தெரு கிளப்புக்குக் கிடைக்கவில்லை. எல்லாம் இவனால்தான் என்று அலாவுதீன் ஊரெல்லாம் சொன்னார். கை ஆறியதும் ஜபருல்லா தொங்கானுக்கே திரும்பிப் போனான். மூட்டை தூக்குபவர்களில் ஆட்டம் தெரிந்தவர்களை அய்யாக்கண்ணு ஒன்று சேர்த்தான். ஜெலுத்தோங்கில், கடல் வற்றும்போது கெட்டியாகும் ஒரு சேற்று வெளியில் அவர்கள் ஆடத் தொடங்கினார்கள்.

அடுத்த வருஷம் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் அணி வருவதாகச் செய்தி வந்தது. உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர்கள். சிங்கப்பூரில் ஸ்ட்ரெய்ட்ஸ் அணியோடு ஆடுவார்கள். செய்தி கேட்டதிலிருந்து ஜபருல்லாவுக்குத் தூக்கம் போயிற்று. மூட்டை சுமக்கும்போதும் மனசுக்குள் ஓடி வந்து பந்து வீசிக்கொண்டே இருந்தான்.

ஒரு நாள் மத்தியானம் ஹார்க்ரோவே வெல்ட் கீக்கு வந்தார். அலாவுதீன் குடையோடு பின்னால் நின்றார். ஜபருல்லா தொங்கானிலிருந்து பலகை வழியாக ஏறி வந்தான். உடம்பெல்லாம் அரிசித் தவிடு. நடந்ததை மறந்துவிடுவோம் என்றார் ஹார்க்ரோவ். அவர்களிடம் வேகமாக வீச ஆளில்லை. அவன் சிங்கப்பூருக்கு வர வேண்டும். இந்த முறை மற்றவர்களோடு மேல் வகுப்பிலேயே வரலாம்.

"யாரும் நோ-பால் சொல்லமாட்டாங்க. நான் பார்த்துக்கறேன்" என்றார், தட்டுத்தடுமாறிய தமிழில்.

"அன்னைக்கும் நீங்கதான் பார்த்துக்கிட்டீங்க, துரை."

ஹார்க்ரோவ் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"நான் வரேன். ஆனா ஆட்டத்துக்கு முன்னாடி, இங்க நம்ம பாடாங்குல வச்சு, ஜபருல்லா எறியலன்னு நாலு பேர் கேக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

அப்படிச் சொன்னால் விட்டேக்கர் பொய்யர் என்று ஆகிவிடுமே, அது முடியாது என்றார் ஹார்க்ரோவ்.

"யாரோ ஒருத்தர் பொய்யர்தான், துரை. அது நானாவே இருந்துட்டுப் போகட்டும்ங்கறீங்க."

அலாவுதீன் குறுக்கே வந்து, தம்பி, ஆஸ்திரேலியாக்காரன்லா, இந்தப் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும், நம்ம தெருவுக்கே பெருமை என்று கையைப் பிடித்தார். ஜபருல்லா கையை உதறிவிட்டுப் பலகையில் இறங்கினான். எதை விட்டுவிட்டு இறங்குகிறான் என்று அவனைவிட அந்தத் துறையில் யாருக்கும் தெரியாது.

வீட்டில் சபூரா மெச்சுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தவள் அரிவாள்மனையை விட்டு எழுந்து நின்றாள்.

"போயிருக்கணும். போயி அத்தனை பேரையும் சாச்சுட்டு, பந்தை அந்தாளு கால்ல போட்டுட்டு வந்திருக்கணும். இப்ப யாருக்கு நட்டம்?"

"அப்ப எறிஞ்சவன்னு பேரோட போகச் சொல்றியா?"

"பேரு, பேரு. நீங்க பந்து வீசாம இருந்தா அந்தப் பேரு போயிடுமா?"

அன்று அவர்கள் கல்யாணமான நாளிலிருந்து போடாத சண்டை போட்டார்கள். அவள் கேட்டது உறைத்ததனாலேயே இன்னும் சத்தமாகக் கத்தினான்.

சிங்கப்பூர் ஆட்டத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் அணி ஜெயித்துவிட்டது. யாரும் எதிர்பார்க்காத வெற்றி. தந்தி வந்ததும் பினாங்கே கொண்டாடியது. சூலியா தெருவில் அலாவுதீன் லட்டு கொடுத்தார். ஹார்க்ரோவைக் கப்பல் துறையில் மாலை போட்டு வரவேற்றார்கள். அந்தக் கப்பலின் சரக்கை இறக்கிய தொங்கானில் ஜபருல்லா இருந்தான். தோற்றிருந்தால் தன்னைத் தேடியிருப்பார்கள், நினைத்திருப்பார்கள் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தான். இப்போது அதுவும் இல்லை. அவன் இல்லாமலே நடந்துவிட்டது. வாத்தியச் சத்தம் கேட்கக் கேட்க, ஹார்க்ரோவ் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. திரும்பவும் அதே பலகையில் ஹார்க்ரோவ் வந்து நின்று கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வான் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. அது கோபத்தை இன்னும் கிளறியது.

அந்த ஞாயிறு ஜெலுத்தோங் சேற்று வெளியில் தொங்கான்காரர்கள் ஆடினார்கள். எதிரே அச்சாபீஸ் பையன்கள். ஒன்றும் முக்கியமான ஆட்டமில்லை. பார்க்க வந்தவர்கள் சொற்பம். அவர்களில் சபூராவும் இருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தென்னை மரத்தடியில், அவனோடு இன்னும் பேச்சில்லாமல். ஜபருல்லா வீசிய வேகத்தில் பையன்கள் மட்டையைத் தூக்கவே பயந்தார்கள். ஓவர் முடிந்ததும் அய்யாக்கண்ணு வீங்கிப்போன உள்ளங்கையை ஊதிக்கொண்டே வந்தான்.

"கொஞ்சம் மெதுவா போடு ஜபரு. சின்னப் பசங்க. இவங்க மேல உனக்கென்ன கோவம்?"

"இவங்க மேல இல்ல" என்றான் ஜபருல்லா. பந்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஓட்டத்தைத் தொடங்கும் இடத்துக்கு நடந்தான். கடல் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் சிறிது நேரத்தில் வெளி முழுதும் தண்ணீராகிவிடும். அதற்குள் எத்தனை பந்து வீச முடியுமோ, அத்தனையும் முழு வேகத்தில் வீசினான்.